மோட்டர் எரியவில்லை, எண்ணெய்தான் இறுகிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஓர் அலுவலகம் இடம் மாறினாலோ, பழைய சட்டத்தரணி ஒருவரின் அறை காலியானாலோ, முதலில் லொறியில் ஏறுவது மின்சாரத் தட்டச்சுப் பொறிதான். "மோட்டர் எரிந்துவிட்டது, சாமான் கிடைக்காது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதோடு அது பழைய இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுக்கப்படும். இன்னும் சிலர் மோட்டரைக் கழற்றிச் சுருள் சுற்றும் கடையில் கொடுத்துப் பணம் கட்டுகிறார்கள். திரும்பி வந்த மோட்டரும் அதே மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும். இப்படிக் கழிக்கப்படும் பொறிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டர் நன்றாகவே இருக்கிறது. பல வருடம் ஓடாமல் கிடந்ததில் எண்ணெயும் கிறீசும் காய்ந்து பிசினாகி, அசைய வேண்டியதையெல்லாம் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். திருத்துகிறவர்கள் வேலையின் ஒழுங்கை மாற்றிச் செய்வதால்தான் நல்ல பொறியும் கெடுகிறது. மின்சாரத்தைப் பார்த்து, பிறகு கழுவி, பிறகு இறப்பர் பாகங்களைக் கவனித்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் திருகாணியில் கை வைக்க வேண்டும். பிசின் பிடித்த பொறியில் எதையும் வளைக்கவோ திருகவோ கூடாது.

மின்சாரத்தில் தொடங்குவோம். பொறியின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் வோல்ட், ஹேர்ட்ஸ், ஆம்பியர் மூன்றும் எழுதியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பொறி என்றால் 115 அல்லது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இறக்கு மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60க்கென்று செய்த தூண்டல் மோட்டருக்கு 50 ஹேர்ட்ஸில் அதே 120 வோல்ட்டைக் கொடுத்தால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடுவதோடு, இரும்புக் கருவில் காந்தப்பாயம் கூடி வழமையைவிடச் சூடாகும். வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைப்பதுதான் வழி. 120ஐ ஆறால் பிரித்து ஐந்தால் பெருக்கினால் 100. ஜப்பானிய ரீகண்டிஷன் சாமான்களுக்கென்று விற்கும் 100 வோல்ட் மின்மாற்றி இதற்குச் சரியாகப் பொருந்தும். கொழும்பில் அதைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. தகட்டில் 1 ஆம்பியர் என்றிருந்தால், தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தையும் சேர்த்து 250 வோல்ட்-ஆம்பியருக்குக் குறையாத மின்மாற்றியை எடுக்க வேண்டும். வேகம் குறைந்ததைப் பழுதென்று நினைத்துப் பெல்ட்டை இறுக்குவது வீண்வேலை.

பிளக்கைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மின்சாரம் பொறியின் உடம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வெடித்துப்போன மின்கம்பி உறை, மோட்டர் சுருளில் ஏறிய ஈரம், அல்லது வானொலி இரைச்சலைத் தடுக்கப் பூட்டியிருக்கும் சிறிய கப்பாசிட்டர். கடைசியாகச் சொன்னதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பல ஐரோப்பியப் பொறிகளில் இது மெழுகேற்றிய கடதாசி வகை. மேலே உள்ள பிளாஸ்டிக் கூட்டில் மயிர்போல வெடிப்பு விழும், அதன் வழியே கடற்காற்றின் ஈரம் உள்ளே போகும். பிறகு ஒருநாள் ஆளியைப் போட்ட சில நிமிடங்களில் "டப்" என்று புகைந்துவிடும். நாற்றம் அறை முழுக்க நிற்கும். பார்த்தவர் மோட்டர் எரிந்தது என்றுதான் சத்தியம் செய்வார். இரண்டு மின்கம்பிகளுக்கும் குறுக்கே இருப்பது 0.1 மைக்ரோபரட் என்றால் 275 வோல்ட் ஏ.சி. தாங்கும் 'எக்ஸ் 2' (X2) வகையைப் போட வேண்டும். கம்பிக்கும் பொறியின் உடம்புக்கும் நடுவே இருப்பது 'வை' (Y) வகையாகவே இருக்க வேண்டும். அந்த இடத்தில் வேறெந்தக் கப்பாசிட்டரையும் பூட்டுவது அடிப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

இரும்பு உடம்புள்ள பொறிக்கு இரண்டு கம்பி வயர் போதாது. மூன்று கம்பி வயர் போட்டு, பச்சை-மஞ்சள் கம்பியை வர்ணம் சுரண்டிய இடத்தில் உடம்போடு திருகிப் பூட்டுங்கள். பழைய அமெரிக்க வயரில் கறுப்புத்தான் மின்னேறிய கம்பி, வெள்ளை நடுநிலைக் கம்பி. மண்ணிறமும் நீலமுமாகப் பழகிய கைக்கு அது தடுமாறும். ஈரம் குடித்த மோட்டரை வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் வைத்து, மின்கசிவுத் தடையைக் காட்டும் 500 வோல்ட் மெகர் கருவியால் சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே அளந்து பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

இனி அந்த உறுமல். பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டரின் தண்டை விரலால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றி, விட்டபின்னும் கொஞ்சம் ஓடி நின்றால் மோட்டரின் புஷ், அதாவது தண்டு சுழலும் வளையம், நல்ல நிலையில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆளியைப் போட்டால் உறுமுவது மட்டும் நடக்கிறது என்றால் தொடக்கக் கப்பாசிட்டர் போயிருக்கும். அதே மைக்ரோபரட், அதே அல்லது கூடிய வோல்ட் உள்ளதை மாற்றினால் வேலை முடிந்தது. பழையதைத் தொடுமுன் அதன் இரு முனைகளையும் 10 கிலோ ஓம் தடையொன்றால் சில விநாடி இணைத்து வெறுமையாக்க வேண்டும். தண்டு சுற்றவே மறுத்தால் பெல்ட்டைக் கழற்றி மறுபடி பாருங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டர் சுற்றினால் பிடித்திருப்பது பொறிக்குள்ளே. சுருள் சுற்றும் கடைக்குப் போகுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்தால் பல ஆயிரம் ரூபா மிஞ்சும்.

கழுவுவதில் நம்மவர் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று தேங்காய் எண்ணெய். வீட்டுக் கதவுப் பிணைச்சலுக்கு விடுவதுபோல இதற்கும் விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும். ஏ.சி. போட்ட அறையில் காலையில் பொறி அசையாது, ஏ.சி. நிற்பாட்டிய மத்தியானம் தானாக ஓடும். இந்தப் பழுதைத் தேடி மோட்டரையே கழற்றியவர்கள் உண்டு. இரண்டாவது, டப்பாவில் வரும் டபிள்யூடி-40. அதைத் தெளித்த அன்று எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். சில மாதத்தில் அதில் மிஞ்சும் படலம் தூசைச் சேர்த்து, முன்பிருந்ததைவிட மோசமாக ஒட்டும்.

முதலில் மூடிகளைக் கழற்றுங்கள். சத்தத்தைக் குறைக்க உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுத்தாள் கறுத்து, ஒட்டும் துகள்களாக உதிர்ந்து பொறிக்குள் விழுந்திருக்கும். அதை முழுதும் சுரண்டி எடுங்கள், புதிது ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. காய்ந்த தூசை மெல்லிய பிரஸ்ஸும் தூசு உறிஞ்சியும் கொண்டு எடுங்கள். டயர் கடைக் காற்றைப் பிடிப்பதென்றால் முதலில் வெளியே பிடித்து, தண்ணீர் தெறிக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் கரைப்பான். இரும்புக்கு வெள்ளை ஸ்பிரிட், எழுத்து பொறித்த அச்சுமுகத்துக்கும் இறப்பருக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோல். தின்னர், அசிட்டோன் இரண்டும் பிளாஸ்டிக் மூடியையும் விசைகளையும் உருக்கிவிடும், கிட்டவே கொண்டு வரக்கூடாது. பெற்றோலை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். கார்பன் பிரஸ் உள்ள மோட்டர் ஓடும்போது தீப்பொறி விடும். கரைப்பானைப் பூசி, விசைகளை அசைத்து, துடைத்து, மறுபடி பூச வேண்டும். பழுப்பு நிறப் பிசின் ஒரே தடவையில் போகாது. நன்றாகக் காய்வதற்கு ஓர் இரவு விடுங்கள். மின்சாரம் கொடுப்பது மறுநாள்தான்.

எண்ணெய் விடும்போது கஞ்சத்தனம் நல்லது. தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் எடுத்துச் சுழலும் தண்டின் முனைக்கு ஒரு துளி. பற்சில்லுகளுக்கு மெல்லிய கிறீஸ், கண்ணுக்குத் தெரியாத அளவு. எழுத்தை அடிக்கும் அச்சுக்கைகள் உட்காரும் பிறை வடிவ இரும்பின் வெட்டுகளில் எண்ணெய் ஒரு துளிகூட விடக் கூடாது. அங்கே எண்ணெய் நின்றால் ரிப்பன் மையும் கடதாசித் தூசும் சேர்ந்து களியாகி, அடித்த எழுத்து திரும்பி வராமல் அந்தரத்தில் நிற்கும். அந்த வெட்டுகள் சுத்தமாகவும் வறண்டும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் பொறியை ஓட்டிப் பாருங்கள். ஓர் எழுத்தை ஒருமுறை தட்ட இரண்டாக விழுந்தது, வண்டி வழியில் நின்று எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது, சில விசைகள் செத்துக் கிடந்தது என்று எழுதி வைத்த பழுதுகளில் பாதி காணாமல் போயிருக்கும். காரணம் எளிது. மின்சாரப் பொறியில் விரல் எழுத்தை அடிப்பதில்லை. விசை ஒரு சிறு கொக்கியை விடுவிக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் பல்வெட்டுத் தண்டு அந்தக் கொக்கியைப் பிடித்து அச்சுக்கையை எறிகிறது. கொக்கி பிசினால் தாமதித்துத் திரும்பினால் தண்டு அதை இன்னொருமுறை பிடித்துவிடும், எழுத்து இரண்டாக விழும். இதற்கு வில்லை (ஸ்பிரிங்கை) வெட்டிச் சிறிதாக்கியவர்களின் பொறிகளைத் திருத்துவதுதான் மிகவும் கஷ்டம், ஏனென்றால் கழுவிய பிறகு அந்த வில் பிழையாகிவிடும்.

இறப்பரில் முக்கியமானது கடதாசியைத் தாங்கும் உருளை. பல வருடத்தில் அது கண்ணாடிபோலாகிவிடும். தாள் வழுக்கும், அடிக்கும்போது ஆங்கில 'ஓ' எழுத்தின் நடுவட்டம் வெட்டுண்டு விழும். லேசான வழவழப்பு என்றால் 400 இலக்க உரைதாளால் முழு நீளமும் சமமாகத் தேய்த்து அல்ககோலால் துடைத்தால் கொஞ்சக் காலம் தாங்கும். நகம் பதியாத அளவுக்கு இறுகியிருந்தால் புது இறப்பர் போட்டே ஆக வேண்டும். அச்சகங்களின் உருளைகளுக்கு இறப்பர் போடுகிறவர்கள் இதையும் செய்வார்கள். ஆனால் பழைய விட்டத்தை வேணியர் இடுக்கியால் நடுவிலும் இரு முனையிலும் அளந்து எழுதிக் கொடுக்காமல் உருளையைக் கையில் கொடுக்காதீர்கள். உருளை 40 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். புது இறப்பர் 1 மில்லிமீற்றர் கூடினால் வரியிடைவெளி நூற்றுக்கு இரண்டரை வீதம் கூடும். அங்குலத்துக்கு 6 வரி அடிக்கும் பொறியில் ஒரு வரி 4.23 மில்லிமீற்றர். 50 வரி அடித்து முடியும்போது ஐந்து மில்லிமீற்றருக்கு மேல், அதாவது ஒரு வரியைவிடக் கூடுதலாகக் கீழே போய்விடும். வெறும் தாளில் இது தெரியாது. அச்சடித்த படிவத்தை நிரப்பும்போது கடைசிக் கட்டங்களில் எழுத்து கோட்டின் மேல் ஏறி நிற்கும். உருளைக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அரை மில்லிமீற்றர் சுருங்கிவிடும். பெல்ட்டுக்கும் இதே கதைதான்: அகலம், பல்லின் எண்ணிக்கை, பல்லுக்குப் பல் தூரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தையிலோ புறக்கோட்டையிலோ பெல்ட் விற்கும் கடைக்குப் போக வேண்டும். பூட்டிய பின் நடுவில் விரலால் அமர்த்தினால் ஐந்தாறு மில்லிமீற்றர் உள்ளே போக வேண்டும். இறுக்கிப் பூட்டினால் மோட்டர் புஷ் தேயும்.

இப்போது திருகாணி. அச்சுக்கை வகைப் பொறியில் மூன்று சரிசெய்தல்கள் உண்டு, ஒழுங்கு மாறக் கூடாது. முதலாவது உருளையின் தூரம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு ஓர் அச்சுக்கையைக் கையால் உருளை வரை தூக்கி அமர்த்துங்கள். அதன் கழுத்து பிறையின் விளிம்பில் முட்டி நிற்கும்போது, எழுத்துக்கும் உருளைக்கும் நடுவில் இருக்கும் ஒற்றைத் தாளை இழுத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். தாள் கிழிந்தால் உருளை கிட்ட இருக்கிறது, உரசலே இல்லாவிட்டால் தூரம். இடது, நடு, வலது மூன்று இடத்திலும் பாருங்கள். இரண்டாவது எழுத்தின் நிற்பு. சிறிய 'எச்' எழுத்தை ஒரு வரி அடித்துக் கண்ணாடியால் பாருங்கள். மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெளிறினால் அச்சுக்கைகளைத் தாங்கும் கூடை உட்காரும் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அடித்துப் பாருங்கள். வெளிறல் கூடினால் எதிர்ப்பக்கம். மூன்றாவது பெரிய எழுத்து. சிறிய எச், பெரிய எச் என்று மாறி மாறி ஒரு வரி அடித்தால் இரண்டின் அடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பெரியது ஏறியோ இறங்கியோ நின்றால் மேல் தடுப்புத் திருகாணியை மட்டும் திருப்புங்கள். கீழ்த் தடுப்பைத் தொட்டால் இரண்டாவது வேலை கெட்டுவிடும். எல்லா எழுத்தும் நேராக நின்று ஒரே ஓர் எழுத்து மட்டும் சாய்ந்தால் பழுது அந்த அச்சுக்கையில்தான், பொதுத் திருகாணிகளில் இல்லை. கைவிசைத் தமிழ்ப் பொறிகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

உருண்டை வகை, அதாவது 1961இல் ஐபிஎம் கொண்டுவந்த செலக்ரிக், வேறு சாதி. அதில் வண்டி நகராது, 88 எழுத்துகள் கொண்ட உருண்டை நகரும். உருண்டையில் நான்கு வரிசை, வரிசைக்கு 22 எழுத்து. சிறிய எழுத்துகள் ஒரு பாதியில், பெரியவை மறுபாதியில். ஷிப்ட் அமர்த்தினால் உருண்டை அரைச் சுற்றுத் திரும்பும். இந்த அமைப்பு மனதில் இருந்தால், பிழையாக விழும் எழுத்தே பழுதைக் காட்டிக் கொடுக்கும். அடித்த எழுத்துக்குப் பதில் அதே வரிசையில் உள்ள வேறெழுத்து விழுந்தால், உருண்டையைச் சுழற்றி எழுத்தைத் தெரியும் பக்கத்தில் கோளாறு. வேறு வரிசையிலிருந்து விழுந்தால், உருண்டையைச் சாய்த்து வரிசையைத் தெரியும் பக்கத்தில். எந்த விசையைத் தட்டினாலும் உருண்டை திரும்பாமல் ஒரே நிரலிலிருந்து விழுந்தால் சுழற்றும் உருக்கு நாடா அறுந்திருக்கும் அல்லது கப்பியிலிருந்து கழன்றிருக்கும். சில விசைகள் மட்டும், அதுவும் காலையில் மட்டும் பிழைத்தால் உள்ளே தெரிவு செய்யும் சிறு தாழ்கள் பிசினில் மெதுவாக அசைகின்றன. அதற்குக் கழுவுதல்தான் மருந்து. எழுத்து சரியாக விழுந்து இடம்வலமாகச் சற்று ஆடினால் உருண்டையைக் கழற்றி, அடி விளிம்பில் உள்ள பற்களைப் பாருங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் அந்த நிரலின் எழுத்துகள் நேரே நிற்காது. இதற்குப் பொறியைத் திருத்தத் தேவையில்லை, உருண்டையை மாற்றினால் போதும். 1980இல் வந்த மூன்றாம் செலக்ரிக்கின் உருண்டையில் 96 எழுத்து. அது பழைய பொறிக்குப் பொருந்தாது, வலிந்து அமர்த்தினால் இரண்டும் உடையும்.

செலக்ரிக்கின் உள்வேலையை மின்சாரத்தோடு பார்க்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, ஒரு விசையைத் தட்டி, தண்டை அது வழமையாக ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றினால் ஓர் எழுத்தின் முழு அசைவும் கண்முன் நடக்கும். எங்கே இறுகுகிறதோ அங்கேதான் வேலை. மோட்டர் ஓடுகிறது, பெல்ட் சுற்றுகிறது, ஆனால் எழுத்து அரைகுறையாக நிற்கிறது என்றால் பெல்ட்டால் சுழலும் சில்லின் பிளாஸ்டிக் நடுப்பகுதி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்ததைப் பசையால் ஒட்டுவது ஒரு வாரத்துக்கும் தாங்காது.

புதுக்கடைப் பக்கம் உறுதி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மூலம், இணைப்பிரதி, நொத்தாரிசு வைத்துக்கொள்ளும் பிரதி என்று கார்பன் வைத்து ஒரே அடியில் எடுக்கும்போது எழுத்து மங்கினால், பலரும் அடியின் பலத்தை உச்சத்துக்குக் கூட்டுகிறார்கள். தாள் கூடினால் முதலில் உருளையைப் பின்னே தள்ளும் நெம்பை ஒரு படி மாற்ற வேண்டும். பலத்தைக் கூட்டுவது அதன் பிறகுதான். இல்லாவிட்டால் மேல் தாள் துளைபடும், புதிதாக இறப்பர் போட்ட உருளையில் எழுத்துத் தழும்பு விழும். வேலை முடிந்து ஒற்றைத் தாளுக்கு வரும்போது இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறப்பதும் உண்டு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடலோரம் இருப்பவர்கள் பொறியைப் பொலித்தீன் உறையால் மூடி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கித் துருவாகும். பருத்தித் துணி உறை, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், கிழமைக்கு ஒருமுறை கால் மணி நேர ஓட்டம், இவ்வளவும் போதும். கரப்பானுக்குப் பயந்து பூச்சி உருண்டை போடுகிறார்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

அலுவலகங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பொறியைக் கழிப்பதென்றே முடிவானாலும் வயரை வெட்டி எடுக்காதீர்கள், உருண்டைகளையும் ரிப்பன் சுருள்களையும் தனியாக வீசாதீர்கள், வோல்ட் எழுதிய தகட்டின் மேல் இருப்பு இலக்கம் ஒட்டாதீர்கள். ஓடாத பொறியும் இன்னொரு பொறிக்கு வில்லும் பற்சில்லும் கொடுக்கும். மோட்டார் வாகனத்துக்கும் குளிரூட்டிக்கும் திருத்துநர்களைப் பழக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள், கழிக்கப்பட்ட நாலைந்து பொறிகளை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். நெம்பு, கிளச், பெல்ட், தூண்டல் மோட்டர், மின்கசிவுச் சோதனை எல்லாம் ஒரு மேசை அளவில் கண்ணால் பார்த்துப் படிக்க இதைவிட மலிவான சாதனம் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படிக்கு,
தட்டச்சுப் பொறி திருத்துநர்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.